குசினிக்குத் தொற்றிய கடி

அக்காவுக்குப் பிடரியில் அக்கி வந்து மாறிப் பல மாதங்களாகிவிட்டன. கொப்புளம் காய்ந்து, தழும்பும் மங்கிவிட்டது. அரிப்பு மட்டும் நிற்கவில்லை. உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் அவள்தான் சமையல். புருஷன் இல்லை, அந்தக் குசினியை விட்டால் வேறு வருமானமும் இல்லை. ஒரு கையால் கறியைக் கிண்டி, மறு கையால் சொறிந்துகொண்டு நிற்பாள்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன்.

"தோலில ஒண்டும் இல்லை அம்மா. அக்கி நரம்பைப் பழுதாக்கிப்போட்டுது. அது மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கு."

"சொறிஞ்சால் அடங்குது டொக்டர்."

"ஓம், சொறியிற நோவு அரிப்பைக் கொஞ்ச நேரம் அமத்தும். மூளைக்கு அது ருசிச்சுப் போய்த் திரும்பவும் கேக்கும்." சொல்லிக்கொண்டே தன் முழங்கையைச் சொறிந்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களோ? ஆள் சொறியிறதைக் கண்டால் மற்றவைக்கும் கடிக்கும். கிருமி இல்லை, மூளையின்ர வேலை."

குசினியில் உதவிக்கு நின்ற இரண்டு பெண்களுக்கும் அதுதான் நடந்தது. உடம்பில் ஒரு பரு இல்லை, ஆனால் நாள் முழுக்கச் சொறிந்தார்கள். இது அம்மை நோய்தான், அம்மாள் வந்துவிட்டது என்று முடிவெடுத்துக் குசினி வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மாள் நிற்கிற இடத்தில் பொரிக்கவோ தாளிக்கவோ கூடாது. பொரிக்கிற தாச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். அவித்த மீனும் தாளிக்காத பருப்பும் மேசைக்குப் போயின. வெள்ளைக்காரர் ஒருவர் வயிற்றுக்கு நல்லது என்று பாராட்டினாராம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் பொரித்த மீன் கேட்டுச் சண்டை பிடித்துவிட்டு அறையைக் காலி செய்தார்கள்.

முதலாளியிடம் நானே போய், டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் முன்கையைச் சொறிந்தபடி சொன்னார்.

"நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கும் கடிக்குது அண்ணை."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"அப்ப தொத்துதுதானே?"

தொற்றியது உண்மை, எந்த வழியால் என்பதில்தான் பேதம்.

"அக்கா வீட்டில நிக்கட்டும். சுகமான பிறகு பாப்பம்," என்றார்.

அக்கா தன் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உதவிப் பெண்களில் ஒருத்தி கிணற்றடியில் நின்றே குரல் கொடுத்தாள்: "தலைக்குத் தண்ணி வார்த்திட்டு வாங்கோ அக்கா. இல்லாட்டி வராதேங்கோ."

பஸ்ஸில் அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய கை பிடரிக்குப் போனது. காரணம் முழுவதும் தெரிந்த எனக்கும் கழுத்தோரம் ஊர்ந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன். அவள் கண்டுவிட்டாள்.

"சொறி தம்பி. என்ன வெக்கம்?"

எழுந்து முன்னால் வெறுமையாகக் கிடந்த சீட்டில் போய் இருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று நிச்சயமான பிறகு சொறிந்தேன்.