மொழிப் பிரச்சினை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் கிடையாது. தெலுங்கு, இந்தி, ஒடியா. அந்த ஜூலையில் ஓர் ஒடியாச் சிறுமி வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு இரும்பு ஆலையில் வேலை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பாள்.

"மொழிப் பிரச்சினைதான் மிஸ். ரெண்டு மாசத்துல சரியாயிடும்," என்றார் தலைமை ஆசிரியை.

நானும் நம்பினேன். 'இங்கே வா', 'உட்கார்', 'எழுது' மூன்றையும் போனில் மொழிபெயர்த்துக் கேட்டு ஒடியாவில் மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னேன். அவள் அசையவில்லை. உனக்காக ஒரு பாஷையே படித்து வந்திருக்கிறேன், உனக்கு இவ்வளவு திமிரா என்று மேசையில் ஓங்கித் தட்டினேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

இடையில் திருவள்ளூரில் மூன்று நாள் பயிற்சி. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் பல பின்னணியிலிருந்து வருகிற குழந்தைகளுக்கும் கற்பிப்பதன் அடிப்படைகள். 'ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது' என்று எழுதி அடிக்கோடிட்டேன். சான்றிதழோடு திரும்பி வந்தவள், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று அந்தச் சிறுமியைக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். இதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு மதியம், சத்துணவு சமைக்கும் அக்காவிடம் போய் அவளைப் பற்றிப் புலம்பினேன்.

"அதுக்குக் காது கேக்கல டீச்சர்," என்றார் கரண்டியைக் கீழே வைக்காமலே.

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? பின்னாடி நின்னுகினு கூப்ட்டா திரும்பாது. மூஞ்சிக்கு நேரா நின்னு சாம்பார் ஓணுமான்னா தலையாட்டுது. வந்த நாள்லேர்ந்து பாக்குறேன்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"பெரிய மிஸ்ஸாண்ட சொன்னேன். மொழிப் பிரச்சினைன்னாங்க. படிச்சவங்களுக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன்."

மறுநாள் அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். வீட்டில் ஒடியாவில் பேசினால் புரிகிறதா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். பக்கத்துல போயி கத்தணும். டிவி ரொம்ப சவுண்டு வெக்குது."

"சேர்க்கும்போது இதைச் சொல்லலையா?"

"யாரும் கேக்கல."

எங்கள் பள்ளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சிறப்பாசிரியை காது சோதனைக்கான படிவத்தை நிரப்பித் திருவள்ளூர் மருத்துவ முகாமுக்கு அனுப்பினார். பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி, அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். காது சோதிக்கும் கருவி ரிப்பேர் என்றார்கள். அடுத்த மாதம் போனபோது கருவி வேலை செய்தது. ஆனால் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார் அங்கிருந்த ஊழியர். அவரோ ஷிப்டில் இருந்தார்.

"பெத்த அம்மா பக்கத்துல நிக்கிறாங்க. அவங்க கையெழுத்து செல்லாதுன்னு எங்க எழுதியிருக்கு சார்? காட்டுங்க, போயிடுறோம்," என்றேன்.

அந்த ஊழியர் என்னைப் பார்க்காமல் மைப்பேனாவை அவள் அம்மாவிடம் நீட்டினார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு காது கேட்கும் கருவி வந்தது. அவளை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தேன். கருவி இருந்தாலும் என் வாயைப் பார்த்தால்தான் அவளுக்கு முழுதாகப் புரியும். எனக்கோ கரும்பலகையைப் பார்த்தபடியே பேசும் பழக்கம். நான் திரும்பியதும் எழுந்து வந்து சேலையைப் பிடித்து இழுப்பாள். ஒரு பாடத்துக்குள் நாலைந்து முறை. கோபம் வரத்தான் செய்யும். அவள் பக்கம் திரும்பி நின்று, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொல்வேன்.