தோற்பான் என்று எழுதினேன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. அதோடு எனக்கு டென்னிஸ் பைத்தியமும் பிடித்தது. நான் மட்டையைத் தொட்டவனே இல்லை. ஆனால் ஆடுகிறவன் களைத்தால் முதலில் எது தளர்கிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடும் உயரம், ஒரு பாயிண்ட் முடிந்ததும் நடக்கிற நடை, இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்து, யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதுவேன். பெரும்பாலும் பலித்தது. தி. நகரில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே பியூன், "இன்னா சார், இன்னிக்கு யாரு?" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பக்கத்து மேசையில் என் நண்பன். சாந்தோமில் வீடு. மனைவி பள்ளி ஆசிரியை. அவன் நிஜமாகவே ஆடுகிறவன். அலுவலகங்களுக்கு இடையிலான போட்டியில் எங்களுக்காக ஆடினான். அந்த வருடம் போட்டி அடையாறில், செம்மண் மைதானத்தில் நடந்தது. அவனுடைய காலிறுதி ஆட்டத்துக்கு நோட்டோடு போயிருந்தேன்.

ஜெயித்துவிட்டான். ஆனால் மூன்றாவது செட்டில் நான் ஒன்றைக் கவனித்தேன். பந்தை எடுக்க நடந்தபோது அவனுடைய இடது ஷூ மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே போனது. முகத்தில் வலி தெரியவில்லை. காலை முழுதாகத் தூக்கவில்லை, அவ்வளவுதான். நோட்டில் எழுதினேன்: 'இடது கால் இழுக்கிறது. அரையிறுதி மூன்றாவது செட்டுக்குப் போனால் தோற்பான்.'

மறுநாள் அவன், "என்ன நைனா எழுதியிருக்க? ஜெயிப்பேனா?" என்று கேட்டான்.

"ஆடுறவங்களுக்குக் காட்டுறதில்ல" என்று சிரித்து மழுப்பினேன்.

தோற்றான். மூன்றாவது செட்டில்தான். அவன் எதிராளியோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது நான் நோட்டில் 'சரி' என்று குறி போட்டேன். அப்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சில மாதங்கள் கழித்து, பஸ் ஏறும்போது படியில் தடுக்கி விழுந்தான். பிறகு இன்னொரு முறை. பரிசோதனைகள் நடந்தன. நரம்பு நோய் என்றார்கள். குணமாக்க மருந்து கிடையாது என்றும் சொன்னார்கள். மழைக்காலம் வருவதற்குள் கையில் தடி வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பியிருந்த நேரம், வீட்டுக்குப் போய் அவனிடம் சொல்லிவிட்டேன். காலிறுதியிலேயே பார்த்தேன், எழுதினேன், சொல்லவில்லை என்று.

அவன் கோபப்படவில்லை. காலைத் தடவியபடியே, "நான் அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்டா" என்றான். "சொன்னா டீம்லேர்ந்து தூக்கிடுவாங்கன்னு பயம். மூச்சு விடல."

காபியோடு வந்த அவன் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அப்போ ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். "கூடவே இருந்த எனக்கு மட்டும் தெரியல."

டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் அந்தக் காபியைத் தொடவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள் அவர் என்னிடம் பேசவில்லை. நான் போனால் எழுந்து உள்ளே போய்விடுவார். பிறகு ஒரு நாள் மருத்துவ விடுப்புத் தாளைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தவர், என் மேசைக்கு நேராக வந்தார்.

"அண்ணா, நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போறோம். நீங்களும் வாங்க. டாக்டர் எதைக் கேட்டாலும் இவர் நல்லா இருக்கேன்னுதான் சொல்றார். நீங்க பார்க்கிறதைச் சொல்லுங்க."

போனேன். எந்தக் கால் முதலில், எப்போதிலிருந்து, இப்போது எந்தக் கை நடுங்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். முன்பே வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றார். அது உண்மையா, எங்களுக்காகச் சொன்னதா, தெரியாது. அவன் மனைவி என் பக்கம் திரும்பாமல் தலையை மட்டும் அசைத்தார்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை, மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். அவன் நடுவில் உட்காருவான். இரண்டு வருடங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக உயிரோடு இருந்தான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் வெயில் ஏறியபோது, அவன் மனைவி என்னை அருகில் கூப்பிட்டுத் தன் குடைக்குள் நிற்கச் சொன்னார்.