பட்டியலில் இல்லாத பெட்டி

அத்தை எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். கொண்டுவந்தாள் என்பதைவிடப் பூட்டினாள் என்பதே சரி. சென்னைக்குப் பலமுறை போய், கடைக்கு ஒரு பாகமாக வாங்கிவந்து, கூடத்திலேயே உட்கார்ந்து திருகாணி முடுக்கினாள். புடவை பார்டரை அதுவரை கட்டம்போட்ட தாளில் வரைந்தவள், இனிமேல் திரையில் வரையப்போவதாகச் சொன்னாள். பட்டுத்தறி வைத்திருந்த அப்பாவுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆனாலும் களம்பூர் ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணப் புடவைகளை அவளை நம்பித்தான் ஒப்புக்கொண்டிருந்தார்.

டிசைன் போடும் மென்பொருள் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டது. அத்தை அதன் சிடியை வாங்கி ஏற்றினாள். ஏறியது. ஆனால் திரையில் நிறங்கள் போய்விட்டன. மயில்கழுத்து வெறும் நீலமானது. அரக்கும் சிவப்பும் ஒன்றாயின. மறுநாள் பெண் வீட்டார் டிசைன் பார்க்க வருகிறார்கள்.

அத்தை அந்தச் சிடி கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டேன். பேசியவர் மரியாதையானவர். பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் எந்தக் கம்பெனி என்று கேட்டார். தானே பூட்டியது என்று அத்தை சொன்னதும் அவர் குரல் மாறியது.

“நாங்க சோதிச்சுப் பார்த்த மெஷின் பட்டியல்ல உங்களுது இல்லீங்க மேடம். அதுல வர்ற பிரச்சினைக்கு நாங்க வழி சொல்லக்கூடாது.”

சிடியைப் பில்லோடு வாங்கியதாக அத்தை வாதாடினாள். சிடி எங்களுடையது, பெட்டி எங்களுடையதல்லவே என்றார் அவர். அத்தை ரிசீவரை வைத்துவிட்டாள். தான் நுழைந்திருப்பது யாருடைய பெட்டி என்று ஒரு சிடிக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போன் அடித்தது. நான் எடுத்தேன். பஸ் ஹாரனும் டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் மோதும் சத்தமும் கேட்டன. ஒருவர் அத்தையைக் கூப்பிடச் சொன்னார். அவளிடம், கம்ப்யூட்டர் படம் காட்டும் கார்டின் பெயர் கேட்டால் உண்மைப் பெயரைச் சொல்லாமல், அதே ஜாதியில் பட்டியலில் உள்ள பழைய கார்டு ஒன்றின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

“இது கம்பெனி சொல்றதில்லீங்க. சரியா வரலன்னா திரும்ப யாரையும் கேக்க முடியாது.”

அத்தை அப்படியே செய்தாள். திரை ஒருமுறை இருண்டது. பிறகு மயில்கழுத்து திரும்பி வந்தது. பொய்ப் பெயர் சொன்னால் கம்ப்யூட்டர் நம்பிவிடுமா என்று கேட்டேன். நம்பிடுச்சு பார் என்றாள். மறுநாள் பெண் வீட்டார் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒரு பார்டரைத் தேர்ந்தார்கள். அப்பா எல்லாருக்கும் காபி போடச் சொன்னார்.

அவர்கள் போனதும் அத்தை மறுபடி அதே உதவி எண்ணைச் சுழற்றினாள். எனக்கு வியப்பாக இருந்தது. மாட்டேன் என்றவர் கம்பெனிக்காரர். உதவியவர் எங்கோ டீக்கடையில் நின்ற வேறொருவர் அல்லவா? எடுத்தது ஒரு பெண் குரல். அத்தை தயங்கினாள். தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன்.

“நன்றி சொல்லலாம்னு பாத்தேன். சொன்னா, கம்பெனிக்குத் தெரிஞ்சு அவருக்குத்தான் பேஜார்.”

எந்த அவர் என்றும், நன்றி சொன்னால் ஒருவருக்கு எப்படிப் பேஜார் வரும் என்றும் அன்று எனக்குப் புரியவில்லை.