மூன்று கதவுக் காரும் எமில் மாமாவும்

எமில் மாமா காலமான செய்தி விபத்துச் செய்தியாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் இருந்தேன். அம்மா தொலைபேசியில் அழைத்து, “மாமா காருக்குள்ளை செத்துப் போனாராம்” என்றார். நான் பஸ் பிடித்து பிரான்காச்சோவில் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், இத்தாலியின் பலெர்மோ நகரில் இருக்கிற மன்னார்ச் சனம் முழுவதும் நெடுஞ்சாலை, லொறி, மழை என்று ஒரு பெரிய விபத்தையே கட்டி எழுப்பியிருந்தது. வாசலில் நின்ற ஒரு அக்கா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆர் வந்து இடிச்சது?” என்று கேட்டார்.

“இடிக்கிறதுக்கு அது ஓட வேணுமே, பிள்ளை” என்றார் திரேசம்மா மாமி.

உண்மையில் அந்தக் கார் வீட்டுக்குப் பின்தெருவில் உள்ள கராஜில், ரயர்கள் நான்கும் கழற்றப்பட்டு மரக்கட்டைகளின் மேல் நின்றது. மாமா அதற்குள் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இதயம் நின்றிருந்தது. நோகாமல் போயிருப்பார் என்று வைத்தியர் சொன்னார்.

மாமி என்னை அறைக்குள் கூப்பிட்டு, தனக்கு வேலை தருவதாக இருந்த இத்தாலிய அம்மாவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பகேரியா சிஞ்ஞோராவுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லு. இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லு. வேறை ஆளைப் பிடிச்சிடப் போறா.” கணவரின் உடல் கராஜிலிருந்து வீடு வந்து சேராத நேரத்தில் ஒரு மனைவி ஏன் இதைக் கேட்டார் என்று சொன்னால், எமில் மாமா யார் என்பதும் சொன்னதாகிவிடும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி பங்கின் தமிழ்ச் சபையினர் என்னைக் கேட்டதற்கு, குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இத்தகைய மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் இன்முகத்தோடு பிறந்து, எல்லோருக்கும் கொடுத்து, ஒருவர் மனத்தையும் நோகடிக்காமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அப்படி எழுதவா என்று மாமியிடம் கேட்டேன். “உள்ளதை எழுது. அவரைத் தெரிஞ்ச ஆக்களுக்குப் பொய் எழுதி என்ன பிரியோசனம்?” என்றார். எழுதியதை அவரே வாசித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

மாமா என் அம்மாவின் மூத்த சகோதரர். பலெர்மோவுக்கு வந்த எங்கள் ஆட்களில் முதல் வரிசையைச் சேர்ந்தவர். லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு பேராசிரியர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டம், ஜன்னல், நாய், பேராசிரியருடைய கார். நாயை மற்றவர்களிடம் விட்டாலும் காரை விடமாட்டார். அதுதான் வோர்னா.

வோர்னாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு மாமா சொல்லிய வரலாறு இது. நான் அதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். வடக்கே குளிர்நாடு ஒன்றில் பால் கடையும் இயந்திரம் செய்த ஒரு கம்பனி, பால் இயந்திரம் விற்காமல் போனபோது கார் செய்யத் தொடங்கியது. கார் செய்யத் தெரியாதவர்கள் செய்ததால் அது மற்றக் கார்களைப் போல் இருக்கவில்லை. கவிழ்த்து வைத்த தோணி போல உருவம். கியர் தடி குடைப்பிடி மாதிரி முன்பலகையிலிருந்து வளைந்து வரும். வேகம் காட்டும் முள் சுற்றாது. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் போலக் கிடையாக நகரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் ஒரு கதவுதான், வலது பக்கம். நடைபாதைப் பக்கமாகத்தான் மனிதர் இறங்க வேண்டும், தெருப்பக்கம் இறங்கத் தேவையில்லை என்று அந்தப் பொறியியலாளர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். இரண்டாவது கதவுக்குக் காசு இல்லாமல் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கு ஐரோப்பா முழுவதும் பெயர் வந்தது. வைத்தியர்கள், பேராசிரியர்கள், கட்டட வரைபடம் போடுபவர்கள் வாங்கினார்கள். தாங்கள் மற்றவர்களைப் போலச் சிந்திப்பதில்லை என்று அயலவருக்குக் காட்ட விரும்பிய ஆட்களுக்கு, வாய் திறக்காமல் அதைச் சொல்கிற ஒரு பொருள் கிடைத்தது. அவ்வளவுதான் அதன் மகிமை. பேராசிரியர் ஒருநாள் மாமாவிடம், “இந்தக் காரை எல்லோருக்கும் விளங்காது, எமிலியோ” என்று சொன்னாராம். கார் கழுவிக்கொண்டிருந்த மனிதரிடம் பொழுது போகச் சொன்ன வார்த்தை. மாமா அதை ஞானஸ்நானம் போல ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு விளங்காதவர்களின் தொகை பெருகிக்கொண்டே போனது. சின்னக் கார் வைத்திருந்தவர்கள், கார் இல்லாதவர்கள், கடைசியாக நாங்கள் எல்லோரும்.

சில வருடங்களில் பேராசிரியரே எல்லோரும் வாங்குகிற பெரிய கார் ஒன்றுக்கு மாறிவிட்டார். பழையதை மாமாவுக்குக் கொடுத்தார். மாமா அதைக் கொடை என்று சொல்லுவார். மாமி, “கழிச்சு விட்டது” என்று சொல்லுவார்.

எங்கள் ஆட்கள் புதுக் கார் எடுத்தால் முதலில் பெல்லெக்ரீனோ மலைக்குக் கொண்டுபோய்ப் புனித ரோசாலியாவின் குகைக்கு முன்னால் நிறுத்தி மன்றாடுவார்கள். வேதக்காரர், சைவர் என்று இதில் பேதம் இல்லை. மாமாவும் கொண்டுபோனார். கடல் தெரிகிற வளைவு ஒன்றில் வோர்னா புகைந்து நின்றது. செருப்பில்லாமல் நடந்து ஏறிய சனம் ஒவ்வொருவராக அதைக் கடந்து மேலே போனது.

“என்ன அண்ணை, தள்ளவோ?” என்று ஒருவர் கேட்டாராம்.

“தேவையில்லை. மலைக்கு மரியாதை குடுத்து நிக்குது.”

“அப்ப நாங்கள் மரியாதை இல்லாமல் போறம், என்ன?”

ஒவ்வொரு வருடமும் அதே நேர்த்தி, அதே வளைவு, அதே புகை. பிறகு எங்கள் ஆட்கள் அந்த இடத்துக்கே ‘எமில் வளைவு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் அதைத் தனக்குக் கிடைத்த கௌரவமாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் காரில் இருக்கைகளுக்கும் சட்டம் இருந்தது. முன் இருக்கை சுவாமிமாருக்கும் படித்தவர்களுக்கும். அது வெறுமையாக இருந்தாலும் மற்றவர் இருக்க முடியாது. பின்னால் கதவுப் பக்கம் மாமாவின் சாமான் பெட்டியும் தண்ணீர்க் கானும். மாமி அவற்றைத் தாண்டி நகர்ந்து போய், மாமாவின் முதுகுக்குப் பின்னால், கதவே இல்லாத மூலையில் இருக்க வேண்டும். பெட்டியை மாமா எடுக்கும்வரை அவரால் இறங்க முடியாது. ஆனால் இதைப் பெரிய கஷ்டம் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் மாமி அந்தக் காரில் போனதே குறைவு. கிழமை நாட்களில் அவர் பஸ்ஸில்தான் லிபெர்த்தாவுக்கு வேலைக்குப் போனார். வெயிலில் நிறம் போய்விடும் என்று வோர்னா துணி போர்த்து நின்றது.

பிறகு கம்பனி சரிந்தது. பெரிய கம்பனி ஒன்று அதை வாங்கி, தன்னுடைய சாதாரணக் கார்களின் மூக்கில் வோர்னாவின் சின்னத்தை ஒட்டி விற்றது. நான்கு கதவு, நேரான கியர் தடி, சுற்றுகிற முள். மற்றவர்களைப் போல் அல்லாதவர்கள் அவற்றை வாங்கவில்லை. மற்றவர்கள் ஏற்கனவே வேறு கார் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையை மூடினார்கள். தங்களைப் பார்த்து வியந்துகொண்டே இருந்தவர்கள், வாங்க ஆளில்லை என்பதைக் கடைசியாகத்தான் கண்டுகொண்டார்கள். இதில் எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

மாமாவுக்கு வந்தது. மூன்று நேரமும் சாப்பிடாமல் இருந்தார். பிறகு கோவிலுக்குப் போய்ப் பூசைக்குப் பெயர் கொடுத்தார். ஞாயிறு தமிழ்ப் பூசையில் சுவாமி இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது, மரியாம்பிள்ளை, அந்தோனியாப்பிள்ளை என்ற பெயர்களோடு ‘வோர்னா’ என்றும் வாசித்தார். எல்லோரும் ஆத்தும இளைப்பாற்றிக்காக மன்றாடினோம். பூசை முடிந்ததும் பெண்கள் மாமியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஆரக்கா அந்தப் பிள்ளை? உங்களுக்குச் சொந்தமோ?”

“ஓம்” என்றார் மாமி. “அவருடைய முதல் தாரம்.”

கம்பனி போன பிறகு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. மாமா செத்த வோர்னாக்களைத் தேடிச் சிசிலி முழுவதும் அலைந்து, கண்ணாடி, பிடி, குழாய் என்று கழற்றி வந்து வீட்டுக் கூடத்தில் அடுக்கினார். ஒரு வோர்னா சங்கமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓய்வுபெற்ற கனவான்கள். கூட்டங்களில் காருக்குக் கீழே படுப்பதற்கு மாமாவைக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டதாக ஒருபோதும் அவர் சொன்னதில்லை.

நான் பட்டம் பெற்ற நாளில் மாமா தானாகவே காரைக் கொண்டுவந்தார். “இண்டைக்குத்தான் நீ முன்னுக்கு இருக்கத் தகுதி” என்று சொல்லிக் கதவைத் திறந்தார். என் அம்மா மடியில் சாமான் பெட்டியோடு பின்னால் இருந்தார். மாமி மூலையில். வீடுகள் கழுவி என்னைப் படிப்பித்த அம்மா பெட்டியைச் சுமக்க, நான் முன்னால் இருந்தேன். ‘அம்மா முன்னுக்கு வரட்டும்’ என்று சொல்ல நினைத்துக்கொண்டே இருக்கைப் பட்டியை மாட்டினேன். திரும்பி வரும்போது கார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. தலையில் பட்டதாரிகளுக்குச் சூட்டுகிற இலைக் கிரீடத்தோடு பஸ்ஸில் நின்று வந்தேன். அறிமுகம் இல்லாத சனம் கை தட்டியது. மாமி என் காதுக்குள், “இதுவும் நல்லாத்தான் இருக்கு. பஸ்ஸிலை எல்லாப் பக்கமும் கதவு” என்றார்.

பகேரியா வேலை இந்த வருடம் வந்தது. தோட்டத்தோடு கூடிய பழைய வீட்டில் வயதான ஒரு சிஞ்ஞோரா தனியாக இருக்கிறார். அவரை எழுப்பி, குளிப்பாட்டி, மதியம்வரை கூட இருந்தால் போதும். மாடிப்படி இல்லை, நிலம் துடைக்கிற வேலை இல்லை. முழங்கால் போன மாமிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. ஆனால் அதிகாலையில் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் ரயிலும் பொருந்தவில்லை. மாமி ஏற்கனவே, ஒருவருக்கும் சொல்லாமல், பத்தேந்தே என்கிற சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து வைத்திருந்தார். சாரதிப் பரீட்சைக்கான இத்தாலியக் கேள்விகளை எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து என்னோடு படித்தார்.

அவர் பத்தேந்தேயை மேசையில் வைத்த அன்று நானும் இருந்தேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பொம்பிளையள் ஓடுற கார் இல்லை, திரேஸ்.”

“ஆம்பிளையள் ஓடியும் நான் பாக்கேல்லையே.”

“விளங்காமல் கதையாதை.”

“அப்ப அதை வித்துப்போட்டு ஓடுற கார் ஒண்டு வாங்குவம். எனக்கு முழங்கால் ஏலாது. சிஞ்ஞோரா எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறா.”

மாமா எழுந்து நின்றார். “நான் செத்தாப் பிறகு வித்துப்போட்டு விருப்பமானதை வாங்கு” என்றார். கதவடியில் நின்று இன்னொரு தடவையும் சொன்னார். அவர் சொன்ன வார்த்தைகளில் மற்றவருக்கு உபயோகப்பட்டது இது ஒன்றுதான். அதனால் பிசகாமல் இங்கே பதிவு செய்கிறேன்.

அடக்கத்துக்குச் சங்கத்தார் தங்கள் வோர்னாக்களில் வந்தார்கள். கோவில் வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். பிறகு இரண்டு கார்கள் கிளம்பவில்லை. சவப்பெட்டியைச் சுமந்த எங்கள் ஆட்கள் அதே கோட்டோடு அவற்றையும் தள்ளிவிட்டார்கள். தலைவர் மாமியின் கையைப் பற்றி, எமிலியோவின் காரைத் தங்கள் மண்டபத்தில் அவருடைய பெயர்ப்பலகையோடு என்றென்றும் வைத்திருக்க விரும்புவதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

“விலைக்கோ?” என்றார் மாமி.

விலை என்ற பேச்சுக்கே இடமில்லை, இது கௌரவம் என்றார் தலைவர்.

“கௌரவத்திலை ஏறிப் பகேரியாவுக்குப் போகேலுமோ எண்டு கேள்.”

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கனவானிடம் ஒரு வார்த்தையையும் மெதுவாக்காமல் சொன்னேன். அவர் சிவந்துபோனார். ஆனால் பிறகு வாங்கினார்கள். ஒரு லொறி வந்து வோர்னாவை ஏற்றிக்கொண்டு போனது. கூடத்தில் அடுக்கியிருந்த கண்ணாடிகளையும் குழாய்களையும் மாமி கூடவே ஏற்றிவிட்டார். பேராசிரியருக்கு அறிவித்திருந்தோம். அவர் மலர்வளையம் அனுப்பினார். அதில் மாமாவின் பெயர் பிழையாக இருந்தது.

அந்தக் காசில் மாமி வாங்கியது சாம்பல் நிறத்தில் ஒரு பழைய சின்னக் கார். பலெர்மோவில் தெருவுக்குப் பத்து அப்படி நிற்கும். அதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. திறப்பைத் திருப்பினால் ஓடும்.

போன ஞாயிறு அதை மலைக்குக் கொண்டுபோனோம். மாமி ஓட்டினார், அம்மா முன்னால், நான் பின்னால். இரண்டு பக்கமும் கதவு இருந்தது. மாமி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மலை ஏறினார். எமில் வளைவு வந்தது. வழக்கமாகப் புகை எழும் இடத்தில் வெயிலும், கீழே கடலும் மட்டும் இருந்தன. நடந்து ஏறிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் சிலர், பழக்கத்தில், காரைத் தள்ளுவதற்கு ஓரமாக நின்றார்கள்.

மாமி வேகத்தைக் குறைத்தார். நிற்கவில்லை. ஹோர்னை ஒரு தடவை அழுத்தினார்.

“இஞ்சாருங்கோ,” என்றார், மாமாவைக் கூப்பிடுகிற அதே குரலில், கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல், “நாங்கள் போறம்.”

நாளை அதிகாலை அவர் பகேரியாவுக்குப் புறப்படுகிறார். எமில் மாமா, உங்கள் மூன்று கதவுகளோடு நீங்கள் மண்டபத்தில் பத்திரமாக இருங்கள். அங்கே வெயில் படாது.