மச்சினன் கால் எட்டாத வண்டி

இன்றைக்குத் தேனி ஷோரூமில் ஒரு மோட்டார் சைக்கிள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அது என்னை!

அட்வென்சர் டூரிங் பைக் வாங்கப் போகிறேன் என்று இதே பக்கத்தில் நான் முழங்கியதை வாசித்திருப்பீர்கள். அனுமந்தன்பட்டியில் காலைக் காபியைக் குடித்துவிட்டு, இமயமலையை ஒரு சுற்றுச் சுற்றி, ராத்திரி தோசைக்கு வீடு திரும்பப் போகும் மாவீரன் என்று நீங்களும் இதயம் இதயமாகப் போட்டீர்கள்.

உண்மையான காரணம் இமயமலை இல்லை. பாண்டி.

(என் மனைவியின் தம்பி. தங்கமான ஆள். சிக்கலே அதுதான்.)

எங்கள் பக்கம் வாசலில் நிற்கிற வண்டி அந்த வீட்டுக்காரனுடையது இல்லை. யார் முதலில் வந்து ஆணியிலிருந்து சாவியை எடுக்கிறாரோ அவருடையது. கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. கூடலூர் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் மாமா என்பான் பாண்டி. திரும்பி வரும் வண்டியின் சக்கரத்தில் கேரளத்துச் சேறு இருக்கும். டேங்கில் காற்று இருக்கும்.

நான் என் திராட்சைத் தோட்டத்துக்கு நடந்து போவேன்.

ஒரு நாள் அப்படி நடக்கும்போது பின்னால் ஹாரன் சத்தம். ஒதுங்கினேன். வந்தது என் வண்டி. மேலே பாண்டி, பின்னால் பூச்சிமருந்து டிரம்.

"ஓரமா நடங்க மாமா, பின்னாடி லாரி வருது" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு அந்தப் புழுதியில் நின்று சபதம் எடுத்தேன். அடுத்து நான் வாங்கும் வண்டியை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் என் சொந்தக்காரன் ஒருத்தனாலும் ஓட்ட முடியக் கூடாது.

அதற்கப்புறம் நான் பார்க்காத ரிவ்யூ வீடியோ கிடையாது. மற்றவர்கள் டார்க் பார்ப்பார்கள், ஏபிஎஸ் பார்ப்பார்கள், சஸ்பென்ஷன் பார்ப்பார்கள். நான் சீட் உயரத்தை மட்டும் பார்த்தேன். பாண்டி குள்ளம்.

(நான் அவனைவிடக் கொஞ்சம் உயரம். இது என் அளவு. வீட்டில் வேறு அளவு சொல்கிறார்கள்.)

சரி, ஷோரூமுக்கு வருவோம். மச்சினனை விட்டுவிட்டு வண்டி வாங்கினால் மாமனார் வீட்டில் அதை வண்டிக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். ஆகவே நான், மனைவி, பாண்டி மூவரும் தேனிக்குப் பஸ்ஸில் போனோம். (பழைய வண்டியைக் காலையிலேயே ஒரு பங்காளி உத்தமபாளையத்துக்கு ஓட்டிப் போயிருந்தார்.)

முதல் வண்டி கம்பீரமாக இருந்தது. பின்னால் இருந்த கேரியரில் எவ்வளவு லோடு வேண்டுமானாலும் கட்டலாம் என்றார் விற்பனைத் தம்பி. திரும்பிப் பார்த்தேன். பாண்டி அந்தக் கேரியரைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். எத்தனை திராட்சைப் பெட்டி நிற்கும் என்ற கணக்கு அவன் உதட்டில் ஓடியது.

அதோடு அந்த வண்டி ரத்து.

இரண்டாவது வண்டி தாழ்வானது. உட்கார்ந்ததும் பாதம் பூமியில் பதிந்தது.

"இது யாரு வேணாலும் ஈஸியா ஓட்டலாம் சார். வீட்ல எல்லாருக்கும் செட் ஆகும்."

என் ஐம்பது வருட வாழ்க்கையில் இவ்வளவு கொடூரமான வாக்கியத்தை எந்த மனிதனும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அவசரமாக இறங்கினேன்.

மூன்றாவது வண்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. மேலே ஏற ஜீப் பிடிக்க வேண்டும். இது எல்லாருக்கும் எட்டாது என்று விற்பனைத் தம்பி தயங்கித் தயங்கிச் சொல்ல, என் காதில் நாதஸ்வரம் கேட்டது. முதலில் பாண்டியை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். பந்தலில் புடலங்காய் மாதிரி இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின.

ஆனந்தக் கண்ணீரை அடக்கிக்கொண்டு நான் ஏறினேன். ஸ்டாண்டைத் தட்டினேன். இடது காலைக் கீழே விட்டேன்.

கால் போனது. போய்க்கொண்டே இருந்தது. தரை வரவில்லை.

இருநூறு கிலோவும் நானும் சேர்ந்து இடது பக்கம் மெதுவாகச் சாயத் தொடங்கினோம். விற்பனைத் தம்பி வலது பக்கம் நின்று மைலேஜ் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாண்டிதான் பாய்ந்தான். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் புகுந்து டேங்குக்குத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றான்.

"ஹேண்டில விட்ராதீக மாமா. நான் இருக்கேன்ல."

அவன் செருப்பு வார் அறுந்தது. சட்டைத் தோளில் கறுப்புக் கோடு விழுந்தது. என் இடது கால் இன்றைக்கு முழுசாக என்னிடம் இருக்கிறதென்றால் அது அந்தக் குள்ளன் போட்ட பிச்சை.

நான் இறங்கியதும் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அங்கன தோதா ஒரு வண்டி நிக்கிது. எதுக்கு இந்தத் தென்னமரத்துல ஏறுனீக?"

உன் தம்பி கால் எட்டக் கூடாது என்றா சொல்வது?

பாண்டிதான் எனக்காகப் பேசினான். "மாமாவுக்கு மலைக்குப் போகணும்னு ஆசைக்கா. கல்லும் கரடுமான எடத்துக்கு ஒசரமான வண்டிதான் தோதுன்னு பாக்குறாக."

தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். எனக்கு ஷோரூம் டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அப்புறமென்ன, யார் வேண்டுமானாலும் ஈஸியாக ஓட்டக்கூடிய அந்த இரண்டாவது வண்டியை புக் பண்ணினோம்.

டெலிவரி அன்றைக்கு வண்டியோடு இரண்டு சாவி தருவோம் என்றார் விற்பனைத் தம்பி.

"ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும் மாமா. நீங்க எங்கயாச்சும் தொலைச்சிருவீக."

மனைவி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு வேறு எந்தத் திசையில் ஆட்டுவது?

ஆகவே இந்தப் பக்கத்தில் உலவும் வாகன மேதைகளே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. டார்க் சொல்ல வேண்டாம், மைலேஜ் சொல்ல வேண்டாம்.

ஒற்றைச் சாவியோடு வண்டி விற்கிற கம்பெனி இந்த உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா?