ஒரே அடி வாங்கிய இரண்டு பேர்

அண்ணாவின் நினைவாக அச்சிட்ட இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கும் உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அண்ணாவைப் பற்றி ஒரே கதைதான் சொன்னீர்கள்: "அடியும் வதையும் பட்டு உத்தரிச்ச மனுசன், அதுதான் அவ்வளவு இரக்கம்." என் மகள் மட்டும் என்னிடம், "பெரியப்பாவைப் பற்றிப் பொய் எழுதாதேங்கோ, அப்பா" என்றாள். ஆகவே சொல்கிறேன், நீங்கள் சொன்னது பச்சைப் பொய். அண்ணா பட்டதெல்லாம் நானும் பட்டேன்.

அண்ணா எங்கள் ஊரான சுழிபுரத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் இரண்டு வயது இளையவன். போர்க்காலத்தில் எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி இராணுவ முகாமுக்குக் கொண்டு போனார்கள். தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, மணல் நிரப்பிய குழாயால் குதிக்காலில் அடித்தார்கள். அவர் அலறியதை நான் கேட்டேன், நான் அலறியதை அவர் கேட்டார். பிறகு ஜெர்மனிக்குத் தப்பி ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒன்றாக வந்திறங்கி, பான் நகரில் உணவகக் குசினிகளில் ஒன்றாகச் சட்டி கழுவினோம். அண்ணா கலியாணம் செய்யவில்லை. என் குடும்பத்தோடுதான் இருந்தார்.

நான் முகாமில் படித்தது அடிக்கத்தான். மனைவிக்கு அடித்தேன், மகளுக்கு அடித்தேன். யாராவது கேட்டால், "நான் வாங்கினதில இது கால்வாசியும் இல்லை" என்று வெட்கமில்லாமல் சொல்வேன்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு நான் விடவில்லை என்று, சம்மதப் பத்திரத்தில் என் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். பெல்ட்டைக் கழற்றினேன். அதன் இரும்பு அவள் காதைக் கிழித்தது. இரத்தத்தைக் கண்டும் நான் நிறுத்தவில்லை. அண்ணா குறுக்கே பாய்ந்தார். அவரையும் விளாசினேன். அவரும் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கையை இறக்கிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார்.

கோயிலிலும் பைக்குள் கைவைத்து நிற்கிறார், திமிர் என்றீர்களே! அன்றுதான் காரணம் சொன்னார்: "எனக்கும் கை வருதடா. உன்னை அடிச்சுக் கொல்லலாம் போல கிடக்கு. ஒவ்வொரு நாளும் வருது, அடக்கி வைச்சிருக்கிறன். உனக்கு மட்டும் ஏன் ஏலாது?"

சீருடையைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போகிறவர், தானே பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் வந்தபோது கதவையும் தானே திறந்தார். "இவன் என்ரை தம்பி. இவன்தான் அடிச்சவன்" என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னார். என்னை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த துரோகி என்று உங்களில் சிலர் அவரைத் தூற்றினீர்கள். நானும் மூன்று வருடம் அவர் முகத்தில் முழிக்கவில்லை. மகளைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவர்தான்.

நோய் முற்றிய கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியவன் நான். என் கை பட்டபோது அவர் ஒருமுறைகூடக் கூசவில்லை.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை சமைத்துக் கொண்டுவந்து தந்த வீடுகளுக்கும் எங்கள் நன்றி. அன்று பொலிசைக் கூப்பிட்டதற்காக அண்ணாவுக்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மகளே, நாலு சுவருக்குள் வைத்து உனக்கு அடித்தேன். ஊர் முழுவதும் வாசிக்கும் இந்தப் பக்கத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தருவதும் தராததும் உன் விருப்பம்.