முன்னால் நின்றால் நின்றுவிடும்

என் கோழிக் கிறுக்கலுக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்பு. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பத்திரிகை ஆபீஸில் திருத்திப் போடுவார்கள் என்ற தைரியத்தில்தான் வாராவாரம் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் ஊருக்கு ஒரு இயந்திரம் வந்தது. பூமிக்கடியில் நிலக்கரி இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கிற இயந்திரம். டிரைவர் கிடையாது. சீட்டே கிடையாது. சங்கிலிச் சக்கரத்தில் தானாக ஊர்ந்து, வாய்க்கால் பாதை வழியாக என் வயலை நோக்கி வந்தது. சம்பா பால் பிடிக்கிற நேரம். கரி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால்... அப்புறம் வயல் ஏது?

முன்பெல்லாம் ஜீப்பில் அதிகாரி வருவார். மறிப்போம். வாக்குவாதம் நடக்கும். கடைசியில் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்புவோம். நான் எப்போதும் கடைசி வரிசை. கோஷம் போடக்கூட வாய் வராது. ஆனால் இதனிடம் யார் போய் என்ன பேசுவது?

என் மனைவி மல்லிகா போய் அதன் முன்னால் நின்றாள். நின்றுவிட்டது. விலகினாள் — நகர்ந்தது. ஆள் தெரிந்தால் நிற்கிற மாதிரி அதற்கு ஏதோ கண் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப யாராவது நின்னுக்கிட்டே இருந்தா போதும்ல?" என்றாள்.

"பேசாத மிஷினுக்கு நம்ம மச்சான்தான் பொருத்தம். இவரும் பேச மாட்டாரு" என்றான் பக்கத்து வயல் செல்வராசு.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நின்றேன். வெயில் ஏறியது. இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து, என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இயந்திரம் உறுமிக்கொண்டே காத்திருந்தது. போராட்டம் இவ்வளவு சுலபமா என்றிருந்தது.

மத்தியானம், ரோட்டில் நின்ற வேனிலிருந்து ஒரு இளைஞர் இறங்கி வந்தார். அங்கே உட்கார்ந்துதான் இதைக் கண்காணிக்கிறாராம். கும்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே."

என்ன சொல்ல... என் கால் தானாக நகர்ந்துவிட்டது. இயந்திரமும் ஒரு முழம் முன்னே வந்தது.

மல்லிகா என் துண்டைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீங்க? நில்லுங்க."

திரும்ப நின்றேன். "மன்னிச்சுக்குங்க தம்பி, நகர முடியாது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சாயங்காலம் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுபடி வரும் என்கிறார்கள். வரட்டும். ஆளில்லாத எதை அனுப்பினாலும் நிற்பேன். மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒரு ஆளை மட்டும் அனுப்பிவிடக் கூடாது.

ஒருவழியாக எழுதி முடித்தது: மார்கழி ஆறாம் தேதி.